இடது கையில் ஒரு திருக்கை

போன மாதம் எங்கள் கல்லூரி விலங்கியல் துறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். என்னை நேரில் பார்த்ததுகூட இல்லை.

"மேடம், மியூசியத்தை காலி பண்றோம். இனிமே அறுக்கறதும் இல்ல, பாட்டில்ல போட்டு வைக்கறதும் இல்ல. எல்லாம் கம்ப்யூட்டர்லயே காட்டிடலாம். ஒரு டவுட்டு மேடம். மத்ததெல்லாம் ஒண்ணு ரெண்டு பாட்டில்தான் இருக்குது. மின்சாரத் திருக்கை மட்டும் ஏன் ஒரு ஷெல்ஃப் முழுக்க இருக்குது? யாராவது அதுல ஆராய்ச்சி பண்ணாங்களா?"

யாரும் பண்ணவில்லை என்றேன். மீதியைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதில் வரும் பையனுடைய பெயரையும் அவன் அக்கா பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. பட்டுத்தறி, கோயில் என்று எழுதிவிட்டு வேறு ஊர்ப் பெயர் போட்டால் யார் நம்பப்போகிறார்கள்?

நான் சின்ன காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் வீட்டில் பரம்பரையாகப் பெருமாள் கோயில் கைங்கர்யம். மருமகள் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று மாமியாருக்குப் பெருமைதான். என்ன பாடம் என்று தெரிந்தபிறகு அந்தப் பெருமையில் பாதி கரைந்துபோயிற்று. "இன்னிக்கு மீனா, தவளையா? எதுவானாலும் கொல்லைப்பக்கமா வந்து தலைக்கு ஜலம் விட்டுண்டு உள்ளே வா" என்பார். மழைக்காலத்திலும் அந்தச் சட்டம் மாறியதில்லை. எனக்கு அடிக்கடி சளி பிடித்ததற்குக் காரணம் விலங்கியல்தான் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தபோது துறைத் தலைவராக இருந்தவர் ஞானமுத்து சார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். கடலே இல்லாத எங்கள் ஊரில் முப்பது வருஷம் இருந்தும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. மாணவர்களை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அது எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு கோபம். ஒரு முறை ஆய்வகத்தில் தவளையை வைத்து விளையாடிய பையன்கள் முன்னால் அவர் பேசாமல் துடைத்துக்கொண்டே நின்றதில், ஒருவன் அழுதேவிட்டான்.

அவருக்கு ஒரு பிடிவாதம். பாடத்துக்கு வேண்டிய உயிரினங்களைக் கடையில் வாங்கக்கூடாது, நாமே போய்ச் சேகரிக்க வேண்டும். "யாரோ புடிச்சு யாரோ பாட்டில்ல போட்டதைப் பாத்து என்னத்தைப் படிக்கப் போறோம்? மொதல்ல தொடுங்க. பொறவு படிங்க" என்பார். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை இறுதியாண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி, சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். அங்கே கரைவலை இழுப்பார்கள். வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்றே இழுப்பதால், ஆழமில்லாத மணல் தரையில் கிடப்பதெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிடும். நல்ல மீனை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் ஒதுக்குவது எங்களுக்கு.

ஒதுக்குவதில் முதலில் வருவது மின்சாரத் திருக்கை. சின்ன அடை அளவுதான் இருக்கும். வட்டமான தடித்த உடம்பு, பின்னால் குட்டையாக ஒரு வால். பழுப்பு நிறம். மணலை மேலே தூவிக்கொண்டு, கண் மட்டும் வெளியே தெரியப் படுத்துக் கிடக்கும் சோம்பேறிப் பிராணி. தலைக்கு இரண்டு பக்கமும் தோலுக்கு அடியில் ஒவ்வொரு உறுப்பு இருக்கிறது. தோலை உரித்துப் பார்த்தால் தேன்கூட்டு அறைகளைப்போல் நெருக்கமாக அடுக்கியிருக்கும். மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது. அது ஆளைக் கொல்லாது. பிடித்த கையை உதறவைக்கும், கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். மீனவர்கள் அதைக் கரண்ட் திருக்கை என்று சொல்லி, வாலைப் பிடித்துத் தண்ணீருக்கே வீசிவிடுவார்கள்.

ஞானமுத்து சாரிடம் படித்த யாரும் அதை ஒருமுறை உயிரோடு கையில் பிடிக்காமல் பட்டம் வாங்கியதில்லை. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வாளியில் முதலில் ஒரு பிடி கடல் மணல், அதன்மேல் கடல் தண்ணீர், பிறகு மீன். பிடிப்பவர் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். கட்டை விரல் மீனின் மேல், மற்ற விரல்கள் எல்லாம் அடியில். மேலும் கீழும் சேர்த்துத் தொட்டால்தான் முழு அடி கிடைக்கும். நாலைந்து பேர் பிடித்ததும் மீனை வாளியில் விட்டு ஓய்வு கொடுப்பார். "அதுக்கும் களைப்பு உண்டும்மா. களைச்ச மீன் அடிக்காது" என்பார். பெண்கள் வீறிடுவார்கள், பையன்கள் வீறிடாததுபோல் நடிப்பார்கள். கையை உதறாமல் பிடித்து நின்றவனைத் தட்டிக்கொடுப்பார். பிறகு, செத்துப்போகிற மீன்கள் மட்டும் ஃபார்மலினுக்குப் போகும். வயிற்றில் ஊசியால் மருந்தேற்றி, மெழுகுத் தட்டில் துடுப்புகளை விரித்துக் குண்டூசி குத்தி, மறுநாள் கண்ணாடித் தகட்டில் நூலால் கட்டிப் பாட்டிலில் இறக்குவோம். சில மாதத்தில் பழுப்பெல்லாம் போய் வெளிறிவிடும்.

ஏகாம்பரம் வந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். நெசவுக்காரக் குடும்பம், பிள்ளையார்பாளையம். காலையில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிட்டு, தலைமுடியில் ஒட்டிய பட்டு நூலோடு முதல் வகுப்புக்கு ஓடிவருவான். படிப்பில் நடுத்தரம். ஆனால் படம் வரைந்தால் அச்சில் எடுத்ததுபோல் இருக்கும்.

அந்த வருஷம் கடற்கரையில் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற இரண்டு பெண்களும் கத்தி முடித்தார்கள். ஏகாம்பரம் வலது கையில் வாளி வைத்திருந்ததால் இடது கையை நனைத்து மீனைப் பிடித்தான். கை லேசாகத் துடித்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே நின்றான்.

"இன்னாடா இது, ஒண்ணுமே இல்ல. இதுக்கா இந்தக் கத்து கத்துறீங்க?"

எல்லாரும் கைதட்டினார்கள். ஞானமுத்து சார் முதுகில் தட்டி, "தறிக்காரர் கை! இப்படித்தான் இருக்கணும்" என்றார். அடுத்தவன், சரி மீன் களைத்துவிட்டது என்று தைரியமாக வாங்கினான். வாங்கியவன் அம்மா என்று அலறி மீனைத் தண்ணீரில் போட்டான்.

ஏகாம்பரத்தின் இடது சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கேட்டால், டீ கிளாஸ் சுட்டிருக்கும் மேடம், எப்போ சுட்டதுன்னு தெரியல என்றான். சுட்டது தெரியாமல் எப்படி இருக்கும்?

"ஏகாம்பரம், வாளியைக் கீழே வை. வலது கையால பிடிச்சுக் காட்டுப்பா."

பிடித்தான். அடுத்த நொடி கை மேலே எகிற, அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. ஞானமுத்து சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் சுவருக்குச் சுவர் எழுதியிருப்பார்கள். உணர்ச்சி இல்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம், மருந்து இலவசம், குணமாகிவிடும் என்று. கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் அதைத் தினமும் படிப்பேன். படிப்பதோடு சரி, நமக்கு எதற்கு என்று போய்விடுவேன்.

மறுநாள் ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, சார் பக்கத்தில் நிற்க, அவனைக் கண்ணை மூடச் சொன்னேன். பஞ்சை முறுக்கி, தொடும்போதெல்லாம் எங்கே தொட்டேன் என்று விரலால் காட்டச் சொன்னேன். வலது கையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இடது கையில் கட்டை விரல் பக்கம் தயங்கித் தயங்கி, பாதியைத்தான் காட்டினான். சுண்டுவிரல் பக்கம் தொட்டேன், பேசாமல் இருந்தான். மறுபடி தொட்டேன்.

"ஆரம்பிங்க மேடம்" என்றான்.

சட்டைக் கையை மடித்தபோது முழங்கைக்குக் கீழே மங்கலாக ஒரு தேமல் இருந்தது. அவன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "தறியில குந்திக்கினே இருந்தா கை மரத்துப்பூடும் மேடம். இப்போ இழை அறுந்தா முடி போடறதுக்கு ரெண்டு விரல் ஒத்துழைக்க மாட்டேங்குது. நைனாகூட திட்டிக்கினே இருக்காரு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் போன பிறகுதான் பேசினார். "இத்தனை வருசமா எத்தனை பையன்களைக் கை உறுதின்னு தட்டிக்கொடுத்திருக்கேன். அதுல எத்தனை கை இப்படி இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்?" அதன்பிறகு அவர் எந்த மாணவர் கையிலும் திருக்கையைக் கொடுத்ததில்லை.

செங்கல்பட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நாங்களே அழைத்துப்போனோம். அங்கே டாக்டரம்மா முழங்கை நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். கயிறுபோல் தடித்திருந்தது. நோயை மருந்து கொன்றுவிடும், ஒரு வருஷம் மாத்திரை என்றார். நரம்பு வேறு விஷயம். பட்டுப்போய் ரொம்ப நாள் ஆகவில்லை, வீக்கத்தை அடக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கை திரும்ப வாய்ப்பு இருக்கிறது, விட்டுவிட்டால் விரல் மடங்கிவிடும் என்று அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

வெளியே வந்ததும் அவன் என் காலில் விழப்போனான். "வீட்டுல சொல்லிடாதீங்க மேடம். எங்க அக்கா அமுதாவுக்கு இப்பத்தான் ஒரு இடம் தெகஞ்சுக்கினு வருது. இது தெரிஞ்சா அவளுக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் இல்ல. எங்க வீட்டுத் தறியில நெய்யற புடவை எல்லாம் முகூர்த்தப் புடவை மேடம். இன்னா ஏதுன்னு தெரிஞ்சா யாரு வாங்குவாங்க?"

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் பிறருக்குத் தொற்றாது, வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதித்தால் அவர்களுக்குத்தான் நல்லது என்று டாக்டரம்மா சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். கல்யாணம் முடியட்டும், நானே எல்லாரையும் இஸ்துக்கினு வரேன் என்றான். ஆனால் மாசாமாசம் செங்கல்பட்டுக்குப் போக வீட்டில் என்ன காரணம் சொல்வது?

காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஞானமுத்து சார். பொய் சொல்ல நாக்கு புரளாத மனிதர். துறைக்கு மின்சாரத் திருக்கை தேவைப்படுகிறது, சேகரிக்க இந்த மாணவர் மாதம் ஒருமுறை கடற்கரைக்கு வர வேண்டும் என்று கல்லூரி முத்திரையோடு எழுதிக்கொடுத்தார். "பொய்யாப் போகக்கூடாதும்மா. எழுதினா எழுதினபடி மீன் வரணும்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் ஆஸ்பத்திரி, பிறகு சதுரங்கப்பட்டினம், திரும்பும்போது வாளியில் ஒரு திருக்கை. சில தடவை சார் போவார், சில தடவை நான். கொல்லைப்பக்கக் குளியலும் மாசாமாசம் கூடிற்று.

ஒரு நாள் அவன் அப்பா துறைக்கே வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் அந்தக் கடிதம்.

"இன்னா சார், எம்புள்ளைய மாசாமாசம் மீனு புடிக்க இட்டுக்கினு போறீங்களே, பாவு தறியிலயே கிடக்குது. ஊரு ஒலகத்துல வேற மீனே இல்லியா? இத்தையே எத்தினி தபா புடிப்பீங்க?"

சார் அவரை உட்கார வைத்தார். பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, மின் உறுப்பு, அதன் அறைகள் என்று ஒரு பாடமே நடத்தினார். "ஒவ்வொரு மாசமும் இது எப்படி மாறுதுன்னு பாக்குதோம் ஐயா. உங்க மகன் கை இருக்கே, அப்படி வரையற கை எங்களுக்குக் கிடைக்காது" என்றார். அந்த நெசவாளர் பாட்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மகன் கையைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்ன சந்தோஷத்தில் கும்பிட்டுப் போனார். சார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

கடற்கரையில் ஏகாம்பரத்துக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. திருக்கை கிடைத்ததும் முதலில் அதை இடது கையால் பிடித்துப் பார்ப்பான். சார் சொல்லிக்கொடுத்த அதே முறை. கையை நனைத்து, கட்டை விரல் மேலே, சுண்டுவிரல் அடியில். கண்ணை மூடிக்கொள்வான். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. முதல் சில மாதம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் கண்ணைத் திறந்தான்.

"லேசா அடிக்குது மேடம்! எறும்பு ஊர்றாப்புல. இங்க, இங்கதான்!"

சுண்டுவிரலின் அடிப்பாகத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். கரையிலிருந்த மீனவர்கள் இவனுக்கென்ன பைத்தியமா என்று பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் பரிசோதித்து, ஆமாம், உணர்ச்சி வருகிறது, விடாமல் சாப்பிடு என்றார்கள்.

அமுதாவின் கல்யாணம் தை மாதம் என்று நிச்சயமாயிற்று. அக்காவின் கூறைப்புடவையைத் தானே நெய்ய வேண்டும் என்று ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்தான். அடுத்த மாதம் மீன் பிடிக்க வரவில்லை. புடவை முடியவில்லை மேடம் என்றான். அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கேட்டால், ஆஸ்பத்திரிக்கு நானே போயி மாத்திரை வாங்கிக்கினு வந்துட்டேன், சாப்பிட்டுக்கினுதான் இருக்கேன் என்றான். நானும் சாரும் நம்பினோம்.

நடந்தது வேறு. நோய்க்கான மாத்திரை தோலைக் கறுக்கச் செய்யும். நரம்பு வீக்கத்துக்கான மாத்திரை முகத்தை உப்பவைக்கும். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி இவனைப் பார்த்து, "தம்பிக்கு ஒடம்புக்கு இன்னா, இப்படிக் கறுத்து ஊதிப்போயிக்கீதே?" என்று கேட்டிருக்கிறாள். சாதாரணமாகக் கேட்டிருப்பாள். அன்று ராத்திரியே இரண்டையும் நிறுத்திவிட்டான்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அரக்கு நிறத்தில் அகல ஜரிகைக் கரை வைத்த அந்தப் புடவையைப் பார்த்தவர்கள் எல்லாம் கரையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஏகாம்பரம் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது. பாத்திரத்தை ஒரு சின்னப் பெண் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். இடது கையைத் துண்டால் மூடியிருந்தான். என் இலைக்கு வந்தபோது துண்டு விலகியது. கடைசி இரண்டு விரலும் உள்ளே மடங்கியிருந்தன. நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மேடம்?" என்றான்.

என்னால் அந்தப் பாயசத்தைச் சாப்பிட முடியவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் சார் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சார் சொன்னார். மாத்திரைகள் மறுபடி ஆரம்பித்தன. சொன்ன சொல்லைக் காப்பாற்றி வீட்டிலும் எல்லாவற்றையும் சொன்னான். அவன் அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. மகனைத் தறியிலிருந்து எழுப்பி, அந்த இடத்தில் கூலிக்கு ஒரு ஆளை உட்கார வைத்தார். வீட்டில் எல்லாரையும் பரிசோதித்தார்கள், யாருக்கும் நோய் இல்லை. ஏகாம்பரம் பட்டம் வாங்கினான். இப்போது எங்கோ வெளியூரில் ஜவுளிக் கடையில் வேலை செய்வதாகக் கேள்வி.

அவன் பட்டம் வாங்கிய வருஷமே ஞானமுத்து சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அதனால் கடைசி மாத்திரை வாங்கிய நாளில் நான்தான் கூடப் போனேன். நோய் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னார். கையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், "கடலுக்குப் போலாமா மேடம்?" என்றான். வீட்டில் எல்லாம் தெரிந்த பிறகு யாருக்கும் மீன் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் போனோம்.

வலை கரைக்கு வந்து மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைத் தெரிந்த ஒருவர், வாலைப் பிடித்து ஒரு திருக்கையை எங்கள் வாளியில் போட்டுவிட்டுப் போனார். நல்ல கொழுத்த மீன், துடித்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்தான். இடது கையை நனைத்தான். மடங்கிய விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, மீனுக்கு அடியில் கொடுத்து, அமுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடினான். ஒரு அலை வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று.

"மேடம், இது களைச்சுப்போன மீனா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டான். "நீங்க கொஞ்சம் புடிச்சுப் பாருங்களேன்."

நான் குனிந்து வாங்கினேன். கட்டை விரல் மேலே, மற்ற விரல்கள் அடியில். முழங்கை வரை ஒரே அடி. பல்லைக் கடித்துக்கொண்டு, கை உதறாமல், மீனைத் தண்ணீரில் மெல்ல விட்டேன். அது மணலைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

"ஆமாம்ப்பா" என்றேன். "களைச்சுப்போச்சு."